ழாக் டேவியல் பற்றிய கட்டுரைக்கு ஒரு சேர்க்கை

18-ம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கண் மருத்துவர் ழாக் டேவியலைப் பற்றி நீங்கள் எழுதியது நல்ல கட்டுரை. ஆனால் 'கண்புரையை முதலில் வெளியே எடுத்தவர் டேவியல்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அந்த இடத்தில்தான் இன்னும் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும். அதுவரை கண்புரைக்கு வைத்தியம் என்றால் ஒரு ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தி, மங்கிப்போன லென்ஸைப் பார்வைப் பாதையிலிருந்து உள்ளே தள்ளிவிடுவதுதான். அது கண்ணுக்குள்ளேயே கிடக்கும், பலருக்கு அழற்சி வந்து இருந்த பார்வையும் போகும். இசைமேதை பாக் 1750-ல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கண் மருத்துவரிடம் செய்துகொண்டதும் இதே முறைதான்.

டேவியல் கருவிழியின் கீழ்ப்பக்கம் கீறி, வளைந்த சிறு கத்தரிக்கோலால் இரண்டு பக்கமும் வெட்டை அகலமாக்கி, ஒரு சின்னக் கரண்டியால் அந்த மடலைத் தூக்கிப் பிடித்து, லென்ஸைச் சுற்றியுள்ள மெல்லிய உறையைக் கிழித்து, கண்ணை மெல்ல அழுத்தி லென்ஸை வெளியே வரவைத்தார். தையல் கிடையாது. மரத்துப்போக மருந்தும் கிடையாது, கண்ணுக்குக் கொக்கெய்ன் சொட்டு வந்ததே 1884-ல்தான். நோயாளி முழு நினைவோடு அந்தக் கத்தி வருவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார், நினைத்தாலே எனக்குக் கண் கூசுகிறது.

அப்புறம், அவர் கணக்கை மறைக்கவில்லை. 206 அறுவைகளில் 182 வெற்றி என்று சொன்னார், அப்படியானால் 24 தோல்வி என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. 1720-ல் மார்செய் நகரில் கொள்ளைநோய் பரவியபோது அங்கே நோயாளிகளைக் கவனித்தவரும் இவர்தான். அதையும் கட்டுரையில் சேருங்கள்.