நாபோத்தின் நிலமும் நம் மன்றாட்டும்

"தம்பி, கோயில்ல அரசியல் வேண்டாம்."

2021 ஜூலையில், அருள்தந்தை ஸ்டேன் சுவாமி இறந்த வாரம், ஞாயிறு திருப்பலியில் மக்கள் சார்பாக வாசிக்கும் வேண்டுதலான மன்றாட்டில் அவர் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். எங்கள் ஆலயத்தின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையில் இருந்த பெரியவர் ஒருவர் சொன்ன பதில் இது. நல்ல மனிதர். நம் பள்ளிக்கு ஏதாவது தொந்தரவு வந்துவிடுமோ என்ற பயம்தான் அவருக்கு. நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

ஸ்டேன் சுவாமி நம்ம ஊர்க்காரர். திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைக் குரு. வாழ்வின் பெரும்பகுதியை ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு கழித்தார். பழங்குடிப் பகுதிகளுக்கு அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை தரும் பாதுகாப்பும், அங்குள்ள கிராம சபைக்கு 1996ஆம் ஆண்டு பெசா சட்டம் தரும் அதிகாரமும் ஏன் ஏட்டோடு நிற்கின்றன என்று கேட்டார். விசாரணையே முடியாமல் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றம் போனார். 2020 அக்டோபர் 8 அன்று, மகாராஷ்டிரத்தில் 2018இல் நடந்த வன்முறையை ஒட்டிய பீமா கோரேகான் வழக்கில் மாவோயிஸ்ட் தொடர்பு என்று சொல்லி, தேசிய புலனாய்வு முகமையான என்ஐஏ அவரை உபா என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் கைது செய்தது. அவர் அதை மறுத்தார். அப்போது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சுகுழல் வைத்த குவளை கேட்டார். அதற்குப் பதில் சொல்ல என்ஐஏ 20 நாள் அவகாசம் வாங்கியது. கடைசியில் 2021 ஜூலை 5 அன்று, மும்பை உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று மருத்துவர் வந்து சொன்னார். குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு விவிலியத்தில் வரும் நாபோத்து ஞாபகம் வரும். அரசர்கள் முதல் நூல், 21ஆம் அதிகாரம். மூதாதையர் நிலமான திராட்சைத் தோட்டத்தை அரசன் ஆகாபுக்குத் தர மாட்டேன் என்றான் நாபோத்து. அரசி ஈசபேல் பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்தாள், அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள், ஆகாபு தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் போனான். கடவுள் இறைவாக்கினர் எலியாவிடம், 'போய் ஜெபி' என்று சொல்லவில்லை. அந்தத் தோட்டத்துக்கே போய் அரசனை எதிர்கொள்ளச் சொன்னார். வழக்குக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட, ஸ்டேன் சுவாமியின் கணினியில் இருந்த ஆவணங்கள் வெளியிலிருந்து ஊடுருவி வைக்கப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தபோது, அந்த அதிகாரத்தைத்தான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

இப்படிச் சொன்னால் உடனே விவிலியத்தின் உரோமையர் திருமுகம் 13ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள்: அதிகாரத்துக்குப் பணிந்திரு. அதை எழுதிய திருத்தூதர் பவுல் பிலிப்பி நகரில் என்ன செய்தார்? விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள், மறுநாள் சத்தமில்லாமல் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. உரோமைக் குடிமக்களான எங்களை இப்படியா நடத்துவது, அவர்களே வந்து வெளியே கூட்டிப்போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

உண்மையில் நாம் அரசியல் பேசாதவர்களும் இல்லை. பள்ளிகளுக்கு மானியம், சிறுபான்மையினர் உரிமை என்றால் பேசுகிறோம். பட்டியல் சாதித் தகுதி யாருக்கு என்று சொல்லும் 1950 குடியரசுத் தலைவர் ஆணை சீக்கியருக்காக 1956இலும் பௌத்தருக்காக 1990இலும் திருத்தப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களுக்கு அந்தத் தகுதி இன்னும் இல்லை. அதற்காக ஊர்வலம் போகிறோம். போகத்தான் வேண்டும், அது நூறு சதவீதம் நியாயம். ஆனால் நமக்கு வலித்தால் நீதி, அடுத்தவருக்கு வலித்தால் அரசியல் என்று பிரித்துவைத்திருக்கிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆதிவாசி இளைஞர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்களா என்று கேட்டுவிட்டா ஸ்டேன் சுவாமி வழக்குப் போட்டார்?

எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது என்று மறையுரையில் சொல்லக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பறிபோகும் நிலத்தைப் பற்றியும், விசாரணை இல்லாமல் கழியும் சிறைவாசத்தைப் பற்றியும் பேசுவது வேறு.

இந்த ஆண்டு ஜூலை 5ஐ ஒட்டி வரும் ஞாயிறு, மன்றாட்டு வாசிக்கும் முறை எங்கள் தெருக் குடும்பங்களின் சிறு குழுவான அன்பியத்துக்கு. விசாரணைக் கைதிகளுக்காக ஒரு மன்றாட்டு எழுதிவைத்திருக்கிறேன், ஸ்டேன் சுவாமியின் பெயரோடு. அந்தப் பெரியவரிடம் நேற்றே காட்டிவிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். இன்னும் பதில் சொல்லவில்லை.