பொறுத்திருந்து பார்க்க வேண்டாம்

"ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்" என்று காத்திருக்காதீர்கள் எனக் குழந்தைகள் பேசத் தாமதமாவதைப் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். அது முழு உண்மை. நாங்கள் எட்டு மாதம் அப்படித்தான் காத்திருந்தோம். ஒன்றரை வயதிலும் என் மகன் எதையும் விரல் நீட்டிக் காட்டமாட்டான். என் கையை இழுத்துப் போய் அந்தப் பொருள்மேல் வைப்பான். அதைப் பேச்சுத் தாமதத்தின் ஓர் அறிகுறியாக நினைக்கவே இல்லை.

பேச்சுப் பயிற்சிக்குப் போனதும் முதலில் காதைத்தான் பரிசோதிக்கச் சொன்னார்கள். யாரும் இதை விட்டுவிடாதீர்கள். பிறந்த 1 மாதத்துக்குள் கேட்கும் திறன் பரிசோதனை, குறை இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் உதவியைத் தொடங்குவது என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

அப்புறம், பயிற்சி என்றதும் பயப்படாதீர்கள். பெரும்பாலும் தரையில் உட்கார்ந்து விளையாடுவதுதான். பந்தை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அவனிடமிருந்து ஒரு சத்தமோ சைகையோ வரும்வரை பொறுக்கச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் "பா" என்றான்.