பாரிஸ் கிருமியும் முத்தியால்பேட்டை கொசுவும்

வெளிநாடு போகிறவர்களை நோயைச் சொல்லிப் பயமுறுத்துவதில் நம் புதுச்சேரிக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தெருவுக்கு இரண்டு வீட்டுக்காவது பிரான்சில் சொந்தம் இருக்கும் ஊர் இது. ஆனாலும் மகன் வீட்டுக்குப் பாரிஸ் புறப்படும் என் பெரியம்மாவிடம் வந்து, "அக்கா, விமானக் கழிப்பறையில் உட்காராதீர்கள், எய்ட்ஸ் ஒட்டிக்கொள்ளும்" என்கிறார் ஒருவர். எச்.ஐ.வி. கழிப்பறையிலோ துண்டிலோ கொசுக்கடியிலோ பரவாது என்று அரசு சுவர் சுவராக எழுதிய காலத்தில் இவர் எங்கே இருந்தாரோ! இன்னொருவர், அங்கே பால் குடித்தால் மாட்டு மூளை நோய் வரும் என்கிறார். அந்த நோய் பாலில் பரவுவதில்லை. பெரியம்மாவோ மாட்டிறைச்சியைத் தொட்டதே இல்லை.

விளைவு, கைப்பை முழுக்க டெட்டாலில் நனைத்த துணி, மஞ்சள்தூள், கற்பூர டப்பா. தினமும் போட வேண்டிய இரத்த அழுத்த மாத்திரை மட்டும் பெரிய பெட்டியின் அடியில், புடவை மடிப்புக்குள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வதாம்? பத்து மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையலாம், நடுநடுவே எழுந்து நடங்கள் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை.

பயமுறுத்திய அதே முத்தியால்பேட்டை அக்கம்பக்கத்து வீடுகளில் பூந்தொட்டித் தட்டைப் பாருங்கள். தெளிந்த நீரில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி, நிழல் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கும். பகலில் கடித்து டெங்குவைத் தரும் ஏடிஸ் கொசுவின் குஞ்சுகள். இப்படி நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயவென்றே 1975 முதல் இந்த ஊரில் ஒரு மத்திய அரசு மையம் இருக்கிறது! இதே ஏடிஸ் இனம் பரப்புவதுதான் சிக்குன்குனியாவும். 2005-06இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் மூன்றில் ஒருவரை முடக்கிய அந்தக் காய்ச்சல், 2006இல் தமிழ்நாட்டையும் முடக்கியது. ஆனால் அதற்கு நமக்குப் பயம் இல்லை. சொந்த ஊர்க் காய்ச்சல் அல்லவா?

இங்கே வரும் பிரெஞ்சுக்காரர்கள் டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டு, ஐஸ் வேண்டாம் என்றால் சிரிக்கிறோம். அவர்கள் பயத்திலாவது நியாயம் இருக்கிறது.

நியாயமான பயம் தேவைப்படுகிறவன் எதிர்வீட்டுப் பையன். வேலைக்குக் கென்யா போகிறான். அங்கே கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சல் உண்டு. புறப்படுவதற்குப் பத்து நாளைக்கு முன்பாவது ஊசி போட்டுச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள். சொன்னால் தட்டிக்கழிக்கிறான். ஊசி போட்டால் கை வலிக்குமாம்.