போட்டோகொப்பிக் கடை மணம்

சென்ற செப்டெம்பரில் ஒரு பாடசாலையில் ஓசோன் தினச் சித்திரப் போட்டிக்கு நடுவராக அழைத்திருந்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள். பெரும்பாலானவற்றில் நீலப் பூமி, அதற்கு மேலே ஒரு குடை, குடையில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குள்ளால் சிவப்பு அம்புகள். நன்றாகத்தான் கீறியிருந்தார்கள். பார்த்துக்கொண்டு போகும்போது தரம் ஏழு படிக்கும் ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நின்று கேட்டது:

"சேர், கம்பஸடிப் போட்டோகொப்பிக் கடையில வாற மணம் ஓசோன் எண்டு அண்ணா சொன்னவர். உண்மையோ?"

"ஓம் அம்மா, உண்மைதான்."

"அப்ப அதைச் சுவாசிச்சா நல்லதோ?"

"நல்லதில்லை. கன நேரம் சுவாசிச்சா தொண்டை அரிக்கும், இருமல் வரும்."

"அப்ப ஏன் அதைப் பாதுகாக்க வேணும் எண்டு கீறச் சொல்லினம்?"

அதற்குள் பரிசு கொடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. ஆனால் அது பெரியவர்கள் நாங்கள் எப்போதோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி. புத்தகத்திலும் மேடையிலும் ஓசோன் என்றால் வானத்துக் குடை. மூக்கு மட்டத்தில் இருக்கும் ஓசோனைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பேச்சே இல்லை. பேச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மணம். பழைய போட்டோகொப்பி இயந்திரங்களுக்குள் உயர் மின்னழுத்தத்தில் ஒரு கம்பி இருக்கும். அதைச் சுற்றியுள்ள காற்றில் ஒட்சிசன் மூலக்கூறுகள் பிளந்து, தனி அணுக்கள் மற்ற ஒட்சிசனோடு ஒட்டி, மூன்று அணு கொண்ட ஓசோன் ஆகும். இடி மின்னலுக்குப் பிறகு முற்றத்தில் வரும் கூரிய மணமும் அதுதான். 1840இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் இதற்குப் பெயர் வைத்தபோது, மணத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொண்டார். மனிதன் ஓசோனை முதலில் அறிந்தது மூக்கால்தான்.

மேலே, தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீற்றர் வரையான உயரத்தில், மின்கம்பியின் வேலையைச் சூரியனின் புறவூதாக் கதிர் செய்கிறது. அங்கே உண்டாகும் ஓசோன் அந்தக் கதிரையே தடுத்து எங்கள் தோலையும் கண்ணையும் பயிரையும் காக்கிறது. அது எவ்வளவு மெல்லியது தெரியுமா? மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்புத்தான் வரும். இரண்டு நாணயக் குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அவ்வளவுதான்.

இடையில் ஒரு விடயம். சித்திரை வெயில் சுட்டெரிக்கும்போது "ஓசோன் ஓட்டையாலதான்" என்று சொல்லாத ஆள் இங்கே இல்லை. அது சரியில்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வருகிறது, காற்றும் விழுந்துவிடுகிறது, அதனால்தான் அந்தப் புழுக்கம். ஓசோன் ஓட்டை தென்துருவத்தில், செப்டெம்பர் ஒக்டோபரை ஒட்டித் திறப்பது. எங்கள் தலைக்கு மேலே ஓட்டை எதுவும் இல்லை.

அந்த ஓட்டையைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அது பொறுமையாக அளந்தவர்களின் கதை. 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர், குளிர்சாதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோபுளோரோகாபன் வாயு மேலே போய் உடைந்து குளோரினை விடும் என்று எழுதினார்கள். ஒரு குளோரின் அணு ஓசோனிலிருந்து ஓர் ஒட்சிசனைப் பறிக்கும், அதை வேறோர் ஒட்சிசன் அணுவிடம் கொடுத்துவிட்டு மீண்டும் வெறுங்கையோடு அடுத்த ஓசோனிடம் போகும். ஓய்வதற்குள் ஒரு இலட்சம் ஓசோன் மூலக்கூறுகள்வரை அழித்துவிடும். அது கணக்கு. கண்ணால் காட்டியவர்கள் 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரித்தானியர்கள். அந்தாட்டிக்காவின் ஹாலி நிலையத்தில் 1950களிலிருந்து ஒரே வகைக் கருவியால் ஒவ்வோர் ஆண்டும் அளந்து எழுதிவைத்திருந்த எண்கள் கையில் இருந்தபடியால்தான், வசந்தகால ஓசோன் அப்படி விழுந்திருப்பது தெரிந்தது. அளக்காமல் விட்டிருந்தால் ஓட்டை இருந்திருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டெம்பர் 16, ஓசோனை அழிக்கும் இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மொன்றியல் உடன்படிக்கை. எங்களுக்கு அந்தத் திகதி வேறு விதமாக நினைவிருக்கிறது. நல்லூர் வீதியில் திலீபன் உண்ணாவிரதம் இருந்த இரண்டாம் நாள் அது. ஊரே அங்கே நின்றது. மொன்றியலில் என்ன கைச்சாத்தாகிறது என்று அறியும் நிலையில் நாங்கள் இருக்கவில்லை. இலங்கை 1989 டிசெம்பரில் அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே இங்கே மின்சாரம் போய்விட்டது, வீடுகளில் இருந்த பிறிட்ஜ்கள் உடுப்பு அலுமாரி ஆகின.

அப்புறம் வந்த தொண்ணூறுகளின் காற்றை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பொருளாதாரத் தடை. பெற்றோல் மருந்துபோலத் துளித்துளியாய். மோட்டார் சைக்கிளை ஒரு சின்னப் போத்தல் பெற்றோலில் இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவோம். பின்னால் சைக்கிளில் வருகிறவருக்குக் கண் எரியும். சட்டையில் அந்த மணம் தோய்த்தாலும் போகாது. உயிர் தப்புவதே பெரிய காரியமாக இருந்த காலத்தில் புகையைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை, அது நியாயம். போர் முடிந்து இவ்வளவு காலம் ஆன பிறகும் அதே பழக்கத்தில் புகையைப் பொறுத்துக்கொண்டிருக்கிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேலுள்ள ஓசோன் தேறிவருகிறது. உலகின் எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் அது. எங்கள் பக்கத்து வானத்தில் 2040ஐ ஒட்டியும் தென்துருவத்தில் 2066ஐ ஒட்டியும் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்பது விஞ்ஞானிகளின் 2022ஆம் ஆண்டு மதிப்பீடு. சட்டம் போட்டால், அளந்தால், காற்று திருந்தும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. நாங்கள் செய்ய வேண்டிய பங்கும் இன்னும் மீதியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய ஏசியைத் திருத்த வந்தவர் வால்வைத் திறந்து உள்ளே இருந்த ஆர் 22 வாயுவை அப்படியே வெளியே விட்டார். உஸ் என்ற சத்தம், சுவரோரச் செவ்வரத்தை இலைகள் ஆடின. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு சொல் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்த வாயுவிலும் குளோரின் இருக்கிறது. அதைச் சிலிண்டருக்குள் உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் இருக்கிறது, இருப்பவரைத் தேடிக் கூப்பிடுங்கள். ஏசி வாயு பெற்றோல்போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு வருடமும் "காஸ் அடிக்க"க் காசு கொடுப்பதைவிடக் கசிவை அடைக்கச் சொல்லுங்கள்.

சரி, இனிக் கீழே உள்ள ஓசோன். இதை எந்தக் குழாயும் நேரே விடுவதில்லை, அதனால்தான் கண்ணுக்கும் சட்டத்துக்கும் தப்பிவிடுகிறது. வாகனமும் மின்பிறப்பாக்கியும் விடும் நைதரசன் ஒட்சைட்டுகள் ஒரு பக்கம், எரியாத எரிபொருள், மை, தின்னர், குப்பைப் புகை ஆகியவற்றின் ஆவிகள் மறுபக்கம். இரண்டும் வெயிலில் சேர்ந்து சமைபடுவதுதான் தரைமட்ட ஓசோன். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் புகைமூட்டத்தை ஆராய்ந்து 1950ஐ ஒட்டி இதைச் சொன்னவர் ஹாகன்-ஸ்மித். அதுவரை அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அந்தக் காலத்தில் வளைத்துக் கட்டிய இறப்பர்த் துண்டில் வெடிப்பு விழ எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தே ஓசோனைக் கணித்தார்கள். உங்கள் வீட்டில் சாத்திவைத்திருக்கும் பழைய சைக்கிளின் ரயர் ஓரத்தைப் பாருங்கள். குறுக்காக நுண்ணிய வெடிப்புகள் ஓடும். முதுமையும் வெயிலும் மட்டும் செய்த வேலை இல்லை அது, காற்றில் உள்ள ஓசோனுக்கும் அதில் பங்குண்டு.

இறப்பரை வெடிக்க வைப்பது சுவாசப்பையில் என்ன செய்யும்? ஓசோன் தண்ணீரில் இலேசில் கரையாது. அதனால் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடாமல் ஆழத்துக்கே போய்ச் சுவாசக் குழாய்களைப் புண்ணாக்கும். தொய்வு உள்ள பிள்ளைகளுக்கு இழுப்பைக் கூட்டும். துணி முகக்கவசம் இதைத் தடுக்காது, இது தூசி இல்லை, வாயு. நடுப்பகல் தாண்டிப் பின்னேரம்வரை கூடுதலாக இருக்கும், இரவில் இறங்கும்.

இப்போது எங்கள் பாடசாலை நாட்காட்டியைப் பாருங்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தை, மாசியில், பின்னேரம் ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில். மழை ஓய்ந்து, காற்றுத் தணிந்து, வெயில் ஏறி, வடக்கேயிருந்து இந்தியப் பெருநிலத்தின் புகைமூட்டம் கடல் தாண்டி வருகிற பருவம் அது. 1999இல் ஜனவரி முதல் மார்ச் வரை மாலைதீவை மையமாக வைத்து இந்து சமுத்திர ஆய்வு நடந்தபோது, அந்த மூட்டம் வட இந்து சமுத்திரத்தின் மீது பரந்து கிடப்பதைக் கண்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஓசோன் ஆய்வுக்காக 1995இல் நோபல் பரிசு பெற்ற பவுல் குருட்சன், மற்றவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். குளோரோபுளோரோகாபன் பூமியைச் சூடாக்கும் வாயுவும்கூட என்று 1975இல் காட்டியவர் அதே ராமநாதன். அவருடைய முதல் வேலையே இந்தியாவில் ஒரு குளிர்சாதனக் கம்பனியில், வாயுக் கசிவைப் பார்ப்பது!

2022 டிசெம்பரில் அப்படி ஒரு மூட்டம் வந்து, 9ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்களே, நினைவிருக்கும். அன்று எல்லோரும் கைபேசியில் காற்றின் தரத்தைச் சொல்லும் எண்ணைப் பார்த்தோம். அந்த எண் பெரும்பாலும் நுண்துகளைச் சொல்வது. துகள் கண்ணுக்குத் தெரிகிற மூட்டம் என்பதால் பயந்தோம். ஓசோன் அதிகமான நாளில் வானம் பளிச்சென்றே இருக்கலாம்.

இன்னொரு விசித்திரம், தரைமட்ட ஓசோன் புகை வந்த இடத்தில் கூடுவதில்லை. பட்டணத்துக்குள் வாகனங்கள் புதிதாக விடும் நைத்திரிக் ஒட்சைட்டு, உண்டான ஓசோனைத் தின்றுவிடும். புகை காற்றோடு போய், வெயிலில் நேரமெடுத்து, ஊருக்கு வெளியேதான் ஓசோன் கூடும். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும்போது யாழ் நகரத்துப் புகை எந்தப் பக்கம் போகும்? கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி. செம்மண் தோட்டங்கள். பட்டணத்தில் ஒரு கருவி வைத்து "எல்லாம் நன்று" என்று அறிவித்தால், தோட்டத்தில் குனிந்து நிற்கிறவருக்கு அது பொருந்தாது.

பயிரும் சுவாசிக்கிறது. இலைத்துளைகளுக்குள்ளால் ஓசோன் போய் உள்ளே கலங்களைக் கொல்லும். புகையிலையில் வரும் ஒருவகை வெண்புள்ளி ஓசோனால் வருவது என்று அமெரிக்காவில் 1950களின் கடைசியில் கண்டார்கள். அதில் பெல் டபிள்யூ 3 என்ற இனம் அவ்வளவு இலகுவில் புள்ளி விழுவதால், ஓசோனைக் கண்டுபிடிக்கும் செடியாகவே அதை வளர்க்கிறார்கள். திராட்சை இலையில் வரும் கபிலப் புள்ளிகளையும் 1958இல் கலிபோர்னியாவில் அடையாளம் கண்டார்கள். புகையிலையும் திராட்சையும்! யாழ்ப்பாணத்தானுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? எங்கள் தோட்டங்களில் நிற்கும் பயிர்களே ஓசோனைக் காட்டிக்கொடுக்கக் கூடியவை.

இலங்கைச் சட்டத்தில் ஓசோனுக்கு அளவு இருக்கிறது. 1994இல் வந்து 2008இல் திருத்தப்பட்ட வளித்தர ஒழுங்குவிதிகளின்படி, ஒரு மணித்தியாலச் சராசரியில் கன மீற்றருக்கு 200 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு எட்டு மணித்தியாலத்துக்கு 100 என்கிறது. அப்படியானால் அளந்து ஊருக்குச் சொல்லுங்கள், அதுவும் வானிலை அறிவிப்போடு சேர்த்து, தோட்டக் கிராமங்களிலும் வைத்து. நாங்கள் வருடாவருடம் காசு கட்டி எடுக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் பெற்றோல் வாகனத்தில் காபனோரொட்சைட்டையும் ஐதரோக்காபனையும், டீசல் வாகனத்தில் புகையின் கருமையையும் பார்க்கிறது. நைதரசன் ஒட்சைட்டைப் பார்ப்பதில்லை. ஓசோனின் தாயை விட்டுவிட்டு எப்படி ஓசோனைக் கட்டுப்படுத்துவது? விளையாட்டுப் போட்டியைக் காலையில் வைக்க அதிபர்கள் முன்வரலாம், அதற்கு ஒரு சதமும் செலவில்லை. வளவுக் கங்குமட்டையோடு பொலித்தீனையும் சேர்த்துக் கொளுத்துவதை நிறுத்த எங்களுக்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

கடைசியாகத் தோட்டக்காரரிடம் ஓர் உதவி. புகையிலை, திராட்சை, போஞ்சி வைத்திருப்பவர்கள், முதிர்ந்த இலைகளின் மேற்பக்கத்தில் நரம்புகளுக்கு இடையில் சிறு புள்ளிகள் பரவலாக இருந்தால் படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். இலையைத் திருப்பிக் கீழ்ப்பக்கத்தையும் எடுங்கள். அங்கே பூச்சியோ அதன் எச்சமோ இருந்தால் அது வேறு நோய். ஊரின் பெயரும் திகதியும் போதும், உங்கள் பெயர் வேண்டாம். சேர்ந்ததை எடுத்துக்கொண்டு விவசாயத் திணைக்களத்துக்கு நான் நேரே போகிறேன்.