பெரிய வெள்ளியன்று யாருக்காக மன்றாடினோம்?

பெரிய வெள்ளி இரவு, திருகோணமலையில் நம் பங்கின் திருப்பாடுகளின் நாடகத்தில் நடந்ததைத் திரும்ப எழுதத் தேவையில்லை. காணொளி எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. நாடகம் முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்தவர் யூதர்களைப் பற்றி "கடவுளைக் கொன்ற இனம், இன்றைக்கும் அந்தச் சாபத்தைத்தான் அனுபவிக்கிறது" என்று சொன்னதும், நம் ஆட்கள் கைதட்டியதும் தெளிவாகக் கேட்கிறது. "இது நம்முடைய விசுவாசம் இல்லை" என்று நான் கீழே ஒரு வரி போட்டேன். அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்: "யூதனிடம் எவ்வளவு வாங்கினாய்?" எழுதியவர் எங்கள் பாடகர் குழாமில் என் பக்கத்தில் நிற்கிறவர்.

சரி, அப்படியென்றால் விரிவாகவே எழுதுகிறேன்.

அன்று பின்னேரம் மூன்று மணி வழிபாட்டில் நாம் எல்லோரும் முழந்தாளிட்டோம். பொது மன்றாட்டுகளில் ஆறாவது யாருக்காக என்று யாராவது கவனித்தீர்களா? யூத மக்களுக்காக. கடவுள் முதலில் பேசியது அவர்களோடு என்று சொல்லி, அவர்கள் அவருடைய உடன்படிக்கைக்குப் பிரமாணிக்கமாக இருக்க வேண்டும் என்று மன்றாடினோம். "ஆமென்" சொன்னோம். பின்னேரம் மன்றாடிய அதே வாயால் இரவில் சபிக்கிறோம். இதற்கு என்ன பெயர்?

அந்த மன்றாட்டு முன்பு இப்படி இருக்கவில்லை. அவர்களைத் துரோகிகள் என்று சொல்லித்தான் நூற்றாண்டுக் கணக்காக மன்றாடினார்கள். 1959இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். அடுத்த வருடம் ஜூல் ஐசாக் என்ற பிரெஞ்சு வரலாற்று ஆசிரியர், ஒரு யூதர், முதிர்ந்த வயதில் உரோமைக்குப் போய் அவரைச் சந்தித்தார். ஐசாக்கின் மனைவியையும் மகளையும் நாசிகள் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த மனிதர் பழிவாங்கக் கேட்கவில்லை. திருச்சபை யூதர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை மாற்ற வேண்டும் என்றுதான் கேட்டார். 1965 ஒக்டோபர் 28 அன்று, உலகின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'நோஸ்த்ரா எத்தாத்தே' ஏட்டில் அதைத் தெளிவாகச் சொன்னது: இயேசுவின் பாடுகளில் நடந்ததற்கு அன்றிருந்த எல்லா யூதர்மேலும், இன்றிருக்கிற யூதர்மேலும் பழி போட முடியாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. திருச்சபையின் போதனை. நான் காசு வாங்கி எழுதியது என்றால், சங்கத்தில் கையெழுத்திட்ட ஆயர்களும் காசு வாங்கினார்களா?

இயேசு யூதர். இதை எத்தனை முறை சொல்ல வேண்டும்? எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்யப்பட்டவர். கடைசி இரவில் சீடர்களோடு பாஸ்கா உண்டவர். சிலுவையில் தொங்கியபடி அவர் சொன்னது யூதர்களின் 22ஆம் திருப்பாடல். நாம் செபமாலையில் ஐம்பது முறை வாழ்த்துகிற மரியாள் யூதப் பெண். பேதுரு யூதர், பவுல் யூதர். நாடகத்தில் அவர்களுக்கெல்லாம் வெள்ளை உடுப்பும் சாந்த முகமும் கொடுத்துவிட்டு, கத்துகிற கூட்டத்துக்கு மட்டும் ஒட்டுத்தாடியும் வளைந்த மூக்கும் வைத்து "யூதர்" என்று பெயர் போடுகிறோம். சிலுவையில் அறைவது உரோமைத் தண்டனை. தீர்ப்பு எழுதியவன் உரோமை ஆளுநன் பிலாத்து. ஆனால் நம் நாடகத்தில் பிலாத்துதான் ஆக நல்ல மனுசன்.

"மத்தேயு 27:25 என்ன சொல்கிறது?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் என்று பிலாத்தின் முற்றத்தில் நின்ற கூட்டம் கத்தியது. அந்த முற்றம் எவ்வளவு பெரியது? அன்று அலெக்சாந்திரியாவிலும் பாபிலோனிலும் இருந்த யூதர்களுக்கு அப்படியொரு வழக்கு நடந்ததே தெரியாது. அதைவிட, "தந்தையே இவர்களை மன்னியும்" என்று சிலுவையிலிருந்து ஒருவர் மன்றாடினாரே. கூட்டத்தின் கத்தலைக் கடவுள் கேட்டார், மகனுடைய மன்றாட்டைக் கேட்கவில்லை என்றா நம்புகிறீர்கள்? கடவுள் தம் மக்களைத் தள்ளிவிடவில்லை என்று உரோமையர் 11இல் பவுல் எழுதியதைத் தவக்காலத்தில் ஒருவரும் வாசிப்பதில்லையா?

"ஒரு நாடகம்தானே, ஏன் பெரிதுபடுத்துகிறாய்?" இதுதான் எனக்கு ஆகக் கோபம் வந்த கேள்வி. ஐரோப்பாவில் புனித வாரம் வந்தால் யூதர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். திருப்பாடுகளின் நாடகம் பார்த்துவிட்டு வந்த கூட்டம் அவர்களின் வீடுகளை அடித்து நொறுக்கியது. 1349இல் கொள்ளைநோய்க்கு யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்ததுதான் காரணம் என்று சொல்லி ஸ்திராஸ்பூர்க்கில் அவர்களை உயிரோடு எரித்தார்கள். அதே நோயில் யூதர்களும் சாகிறார்களே என்று பாப்பரசர் 6ஆம் கிளமெந்து அதற்கு முந்திய வருடமே எழுதியும் ஒருவரும் கேட்கவில்லை. ஜெர்மனியில் ஓபராமர்காவ் என்ற ஊரில் 1634 முதல் நடக்கிற பாடுகளின் நாடகம் இருக்கிறது. 1934இல் ஹிட்லர் நேரில் போய்ப் பார்த்தான், பிறகு அதைப் புகழ்ந்தும் பேசினான். அந்த ஊர்க்காரர் தங்கள் பிரதியைத் திருத்தினார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த இரத்தப்பழி வசனத்தையே எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய விசுவாசம் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இது கத்தோலிக்கரின் பிரச்சினை என்று ஒதுங்குகிற மற்றச் சபை நண்பர்களுக்கு: யூதரின் தொழுகைக்கூடங்களை எரிக்கச் சொல்லி 1543இல் எழுதியவர் மார்ட்டின் லூத்தர்.

அப்புறம், "காஸாவைப் பார்க்கவில்லையா?" என்கிறீர்கள். ஆம், பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துவிட்டுப் படுக்க முடிவதில்லை. குண்டு போடுகிற அரசாங்கத்தை அதன் பெயர் சொல்லிக் கண்டியுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அந்த அரசாங்கத்துக்காக ஓர் இனத்தின் பிறப்பைச் சபிக்காதீர்கள். இங்கே உப்புவெளிக் கடற்கரைக்கு வருகிற இஸ்ரேல் பெடியன்கள் குடித்துவிட்டுக் கத்தினால் பொலிசுக்குச் சொல்லுங்கள், அதற்குக் கல்வாரியை இழுக்காதீர்கள். இஸ்ரேல் கொடியைப் பிடித்து ஆடுகிற சபைக்காரருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"திருகோணமலையில் யூதனே இல்லை, உனக்கென்ன?" என்கிறீர்கள். எனக்கென்னவா? 1983 ஜூலையில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டது யாழ்ப்பாணம் திருநெல்வேலியில். என் அப்பா அந்தக் கிழமை இங்கே பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பழியென்று அவருடைய கடையை எரித்தார்கள். ஏன்? அவர் தமிழர். வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா சொந்தமாகக் கடை போடவே இல்லை. கடைசிவரைக்கும் இன்னொருவரின் கடைத் திண்ணையில்தான் மெஷினை மிதித்தார்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு அதையே முஸ்லிம்களுக்கு நாமே செய்தோம். எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு பெருநாளுக்கும் வட்டிலப்பம் கொண்டுவருகிற உம்மா, "இந்த முறை கொண்டுவரலாமா பிள்ளை?" என்று ஆள்விட்டுக் கேட்டார். அம்மா அழுதுவிட்டார். கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வைத்தவனுக்கும் அந்த உம்மாவுக்கும் என்ன உறவு? கிறிஸ்தவர்கள் நாங்கள் அந்த ஒரு பெண்ணை அப்படிக் கேட்க வைத்தோம். இதையெல்லாம் பார்த்தும் பட்டும் வந்தவர்கள்தான் பெரிய வெள்ளி இரவு கைதட்டினார்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

நாடகப் பிரதியைத் திருத்த வேண்டும். அடுத்த தவக்காலத்துக்கு முன் யார் உட்கார்ந்தாலும் நானும் உட்காருகிறேன். இறையியல் படித்த ஒருவரையும் கூப்பிடுங்கள். ஆனால் காணொளியை இன்றைக்கே எடுங்கள். சாதாரண தரம் படிக்கிற பிள்ளை ஒன்று அதன் கீழே ஹிட்லர் செய்தது சரி என்று எழுதியிருக்கிறது. நம் பங்கின் பெரியவர்கள் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள்.