ஜிம் ஊசி பத்தி ஒரு திருத்தம்

தம்பி, ஜிம்ல சில பசங்க போட்டுக்கிற மெஃபென்டெர்மின் ஊசி பத்தி, “இது ஸ்டீராய்டு இல்ல, ஆபரேஷன் தியேட்டர்லயே போடுற மருந்துதான், வயசுப் பசங்க இதயத்தை ஒண்ணும் செய்யாது”ன்னு எழுதியிருக்கீங்க. ஸ்டீராய்டு இல்லங்கிறது மட்டும்தான் முழுசா சரி.

முதுகுல மயக்க ஊசி போட்டபிறகு ரத்த அழுத்தம் சரிஞ்சா, அதைத் தூக்கி நிறுத்தத்தான் இந்த மருந்து. பக்கத்துல மானிட்டர் ஓடும், மயக்க டாக்டர் நிப்பார். அழுத்தம் நல்லா இருக்கிறவன் போட்டுக்கிட்டா, நரம்பு நுனியிலிருந்து நார்அட்ரினலின்கிற, ரத்தக்குழாயை இறுக்கி இதயத்தை முடுக்குற சுரப்பு கொட்டும். அழுத்தம் எகிறும், துடிப்பு தாறுமாறாகும். இதயத்துக்கு ரத்தம் கூடுதலா வேணுங்கிற நேரம் பார்த்து, அதோட ரத்தக்குழாய் இறுகிப்போகலாம். அடைப்பே இல்லாத 20 வயசுக்காரனுக்கும் இப்படி மாரடைப்பு வரலாம். தொடர்ந்து போட்டா இதயத் தசையே தளர்ந்துபோகலாம்.

மதுரை அண்ணா நகர்ல என்கூட பயிற்சி செஞ்ச பையன் இந்த ஊசியைப் போட்டுக்கிட்டு, பெஞ்ச்ல உட்கார்ந்து தண்ணி பாட்டில் மூடியைத் திறக்க முடியாம கை உதற, “நெஞ்சுக்குள்ள குதிக்குதுண்ணே”ன்னான். டாக்டர்கிட்ட வெறும் புரோட்டீன் பவுடர்னு சொல்லிட்டான். அப்படி மறைக்காதீங்கப்பா. நெஞ்சு வலிச்சா உடனே 108. என்ன ஊசி, எப்ப போட்டதுன்னு உள்ளபடி சொல்லுங்க. அதைப் பார்த்துத்தான் எந்த மருந்து கொடுக்கலாம்னு முடிவு பண்ணுவாங்க.