மறியலிலிருந்து வந்த கடிதத்தை எழுதியது யார்?

போன கிழமை மழையில் ஒரு அம்மா கடைக்கு வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, சொப்பின் பையைப் பிரித்து நாலு தாள்களை எடுத்து நீட்டினார். "மூணு கொப்பி போடுங்க தம்பி. அப்படியே என்னா எழுதியிருக்குன்னும் பார்த்துச் சொல்லுங்க." பொலிசார் நீதிமன்றத்துக்குக் கொடுத்த பி அறிக்கையின் பிரதி அது. அவருடைய மகனைப் பற்றியது. தலையிலிருந்து கால்வரை சிங்களம். மகன் எங்கே நின்றான், கையில் என்ன இருந்தது, ஓடினானா, அகப்பட்டானா எல்லாம் அதில் இருக்கிறது. பெற்றவருக்கு வாசிக்கத் தெரியாது. உள்ளே இருக்கிற மகனுக்கும் தெரியாது. பக்கத்துக்குப் பத்து ரூபாய் வாங்குகிற எனக்குத் தெரியும்.

நீதிமன்றம் இருக்கிற ஒரு மலையக நகரத்தில் பதினொரு வருஷமாகக் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, டைப்பிங், ரீலோட். வழக்குத் தவணை நாட்களில் காலை எட்டு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். யார் வீட்டில் யாருக்குப் பிணை கிடைத்தது, யாருக்குத் தண்டப்பணம் எவ்வளவு என்பது அவர்களுடைய தோட்டத்துக்குப் போய்ச் சேருமுன் எனக்குத் தெரிந்துவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சில நாள் அது பெரிய பாரம்.

சிறையிலிருந்து எழுதியவற்றைச் சிறை இலக்கியம் என்று நண்பர்கள் பகிரும்போது நானும் விரும்பி வாசிப்பேன். கம்பிக்குப் பின்னாலிருந்து வரும் வரிக்கு ஒரு கனம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாசித்து முடித்ததும் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுதத் தெரிந்தவர் எழுதிவிட்டார். எங்கள் லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, போனவன் சொன்னதை யார் எழுதினார்கள்?

என் சித்தப்பா கதையைச் சொல்கிறேன். ஃபெக்டரியில் ஒரு மோட்டார் காணாமல் போனது. அன்று இரவு வேலை பார்த்த மூன்று பேரையும் பிடித்தார்கள். சித்தப்பா மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் எழுத வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதனால் சித்தப்பாவின் கடிதங்களைச் சித்திக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை.

"அன்புள்ள மனைவிக்கு, நான் இங்கு நலம், அங்கு உன் நலமறிய ஆவல். நிலவைக் காணும்போது உன் முகம் நினைவில் வருகிறது." இதை வாசித்ததும் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இந்த மனுஷனுக்கு எப்படா இவ்வளவு பேச்சு வந்துச்சு? மத்தியானச் சோத்துக்கு உப்புப் போதலன்னு சொல்றதுக்கே மூணு நாளாகும்!" அப்புறம் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததாலா வேறெதற்காகவா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சித்தப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். உள்ளே ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு கடிதத்துக்கு ஒரு சவர்க்காரக் கட்டி கூலி. நிலவும் முகமும் அவருடைய சொந்தச் சரக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், வாங்கிய சவர்க்காரத்துக்குக் கொஞ்சம் கூடவே எழுதிக் கொடுத்திருக்கிறார். கடிதத்தை அதிகாரி வாசித்துத்தான் வெளியே விடுவார் என்பதால், அடி, பசி, மூட்டைப்பூச்சி, படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்கியது எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி மட்டும் சித்தப்பாவின் குரலில் இருக்கும். "செவலை மாட்டை வித்துறாதே."

அந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் மாட்டை விற்றுவிட்டோம். புரக்டருக்கு, அதாவது வக்கீலுக்கு, காசு கட்ட வேண்டியிருந்தது. கடிதம் பிந்தியதற்குக் காரணம் மலையகத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். லயத்துக் காம்பராவுக்கு முகவரி கிடையாது. பெயர், டிவிஷன், தோட்டம், அவ்வளவுதான். கடிதக் கட்டு மொத்தமும் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்பது ஆபீசில் இருப்பவர் மனதைப் பொறுத்தது. அப்புறம் ஒருநாள் காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். சிறைச்சாலை முத்திரையோடு வந்த கடிதத்தை நூறு பேர் பார்க்கச் சித்தி நடந்துபோய் வாங்கினார்.

அதே முகவரிதான் பிணையிலும் காலை வாரியது. நீதிமன்றம் பிணை கொடுத்துவிட்டது. ஆனால் பிணை நிற்கிறவருக்கு நிரந்தர வதிவிடம் காட்ட வேண்டும், கிராம உத்தியோகத்தர் உறுதி செய்ய வேண்டும். லயத்துக்காரருக்கு லயத்துக்காரர் நின்றால் போதாது என்றார்கள். கடைசியில் டவுனில் சில்லறைக் கடை வைத்திருந்த ஒருவர் இரக்கப்பட்டு நின்றார். அதற்குள் பிணை கிடைத்த பிறகும் நாலு மாதம் சித்தப்பா உள்ளேயே இருந்தார். வழக்கில் விடுதலையானார். மோட்டார் கதை என்ன ஆனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் இன்னும் தீர்ப்பு வராத விளக்கமறியல் கைதிகள். தண்டனை பெற்றுப் போகிறவர்களிலும் பெரும் பகுதி தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போனவர்கள். 2024-இல்தான் தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கசிப்புச் சாராயக் கேசில் அகப்பட்டவனுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் தண்டம் என்றால் அது எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் சம்பளம் என்று மலையகத்தில் கணக்குப் போடத் தெரியாதவர் யார்?

எங்களைப் பற்றிய தாளை வேறொருவர் எழுதுவது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1865-ஆம் ஆண்டின் தொழில் சட்டப்படி, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவதே சிறைக்குப் போகிற குற்றம். பழைய தோட்டத்திலிருந்து விடுவித்ததாகத் துரை எழுதித் தரும் 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அந்தத் துண்டில் என்ன எழுதியிருந்தது என்று அதைக் கையில் வைத்திருந்த எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 1921-இல் துண்டை ஒழித்தார்கள்.

1941-இல் ஸ்டெலன்பேர்க் தோட்டத்தை நிர்வகித்த போப் துரை கொல்லப்பட்ட வழக்கில் வீராசாமி, வேலாயுதம் என்ற இரண்டு தொழிலாளர்களைக் கண்டி போகம்பரைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்த யுத்த காலத்தில் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய சமசமாஜ இடதுசாரிக் கட்சித் தலைவர்களும் போகம்பரையில்தான் அடைபட்டிருந்தார்கள். 1942 ஏப்ரலில் ஒரு காவலரின் உதவியோடு அவர்கள் தப்பிப் போன கதையை ஆளுக்கு ஒரு விதமாக எழுதிவிட்டார்கள். வீராசாமியும் வேலாயுதமும் தம் வாயால் சொன்னதாக ஒரு பக்கம்கூட என் கண்ணில் பட்டதில்லை. போகம்பரையிலிருந்து கைதிகளை 2014-இல் பல்லேகலைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் இந்த இரண்டு பேர்தான் நினைவுக்கு வருவார்கள்.

தாளில் இருப்பது தெரியாமல் கையெழுத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சிங்கராசா வழக்கு இருக்கிறது. 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாம். தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் கட்டைவிரல் வைக்க வைத்தார்கள் என்று சிங்கராசா சொன்னார். 50 வருஷத் தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆனது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004-இல் அவருடைய உரிமை மீறப்பட்டதாகச் சொன்னது. 2006-இல் நம் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

எழுதத் தெரிந்தவர்களும் தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜசீமைத் தமிழ்க் கவிதைகளுக்காக 2020 மே மாதம் பிடித்தார்கள். தீவிரவாதத்துக்கு எதிராகவே எழுதியவர். பிணையில் வர 2021 டிசம்பர் ஆனது, குற்றமற்றவர் என்ற தீர்ப்புக்கு 2023 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிங்கராசாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஜசீமைப் பிடித்தவர்கள் அவருடைய தமிழ்க் கவிதையைத் தப்பாக வாசித்தார்கள். இரண்டு தடவையும் உள்ளே போனது யார் என்று பாருங்கள்.

இதையெல்லாம் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் என்னை மடக்கினார். கணவன் கவ்வாத்துக் கத்தியால் வெட்டியதில் இடது கையில் இரண்டு விரல் மடங்காதவர் அவர். "உள்ள இருக்கறவன் எழுதுனா தன்னைப் பாவம்னுதான் எழுதுவான். என் விரலைப் பத்தி எழுதுவானா?" எழுத மாட்டான்தான். எனக்குப் பதில் வரவில்லை, இன்னும் முழுசாக வரவில்லை. ஆனால் அவருடைய முறைப்பாட்டை நான் கொப்பி எடுத்திருக்கிறேன். அதுவும் சிங்களம். அவர் சொன்ன பழைய அடிகள், பிள்ளைகள் பார்த்தது, பக்கத்துக் காம்பராவில் ஒளிந்தது எதுவும் அதில் இல்லை. "குடும்பத் தகராறு" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார்கள். வாசித்துச் சொன்னபோது, "நான் இதையா சொன்னேன்?" என்று கேட்டார். வெட்டியவனும் வெட்டுப்பட்டவரும் ஒரே மாதிரித் தங்கள் கதையைக் கடைக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

1999-இலிருந்து நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகளில் தமிழும் நிர்வாக மொழி. கோர்ட்டில் முதலியார் என்கிற மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்துச் சொல்வார், அந்த உரிமையும் அரசியலமைப்பில் இருக்கிறது. சரி. ஆனால் நாற்பது வழக்கு கூப்பிடுகிற ஒரு காலையில் எங்கள் ஆள் கூண்டில் நிற்பது இரண்டு நிமிஷம். தவணைத் தேதி மட்டும் அவன் காதில் விழும்.

சிறை இலக்கியம் பேசுகிற நண்பர்களே, விழா எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு யாராவது மாதத்தில் ஒரு நாள் தாளும் பேனாவுமாகச் சிறைக்குள் போய் உட்கார அனுமதி கேளுங்கள். நிலவும் முகமும் சேர்க்காமல், உள்ளே இருப்பவன் சொல்வதை அவன் சொல்கிற மாதிரியே எழுதிக் கொடுங்கள். மாடு என்றால் மாடு. முதலில் எழுதி வாங்க வேண்டியது பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களிடம்தான். வெளியே இருக்கிற அந்த அக்காவிடமும்.

மழையில் வந்த அம்மாவுக்கு நாலு பக்கத்தையும் வாசித்துச் சொன்னேன். நடுவில் ஒரே ஒரு தடவை, "அந்த நேரம் அவன் வீட்லதான் இருந்தான்" என்றார். பிறகு மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். பழக்கத்தில் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கினேன். "அது வேணாம் தம்பி, நல்லா இல்லைன்னே எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினேன். பதில் தோட்ட ஆபீசில் கிடக்க வேண்டாம் என்று என் கடை முகவரியைப் போட்டேன். இன்று வரை வரவில்லை.